845 இல்லை, 1063-க்குப் பின்: ஒரு மரக் கோயிலின் வயதைத் திருத்திய ஓக் வளையங்கள்

"கல்வெட்டும் இல்லை, ஆவணமும் இல்லை, ஆனால் இது 11-ஆம் நூற்றாண்டுக் கட்டடம் என்று அடித்துச் சொல்கிறார்களே, எப்படி?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. கட்டடம் கல்லாக இருந்தால் பதில் சொல்வது சிரமம். மரமாக இருந்தால், அதுவும் ஓக் மரமாக இருந்தால், அதிர்ஷ்டம்தான்.

இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் சிப்பிங் ஓங்கர் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் கிரீன்ஸ்டெட் தேவாலயம் இருக்கிறது. இன்றும் வழிபாடு நடக்கிற, சின்ன ஊர்க் கோயில். அதன் நடுக்கூடத்துச் சுவர் முழுக்க, நெட்டுவாக்கில் பிளந்து நிறுத்திய ஓக் மரங்கள். வெளிப்பக்கம் மரத்தின் உருண்டை முதுகு அப்படியே தெரியும். உள்பக்கம் செதுக்கித் தட்டையாக்கியிருக்கிறார்கள். பக்கத்துப் பக்கத்து மரங்களில் காடி எடுத்து, நடுவே மெல்லிய மரப்பட்டி ஒன்றைச் செருகி, காற்றும் மழையும் புகாதபடி அடைத்திருக்கிறார்கள். இன்றைக்கும் ஒரு நல்ல தச்சர் பார்த்தால் தலையாட்டுவார்.

1960களில் இந்த மரங்களின் வளையங்களை ஆராய்ந்து, கி.பி. 845 என்று தேதி சொன்னார்கள். ஊருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். காரணம், 869-ல் டேனியர்கள் கொன்ற, பின்னாளில் புனிதராக வணங்கப்பட்ட கிழக்கு இங்கிலாந்து மன்னர் எட்மண்டின் உடலை 1013-ல் லண்டனிலிருந்து திருப்பி எடுத்துப்போனபோது, வழியில் ஓங்கருக்குப் பக்கத்தில் ஒரு மரக் கோயிலில் வைத்தார்கள் என்று ஒரு பழைய குறிப்பு உண்டு. 845 என்றால் கதை கச்சிதமாகப் பொருந்திவிடுகிறது. 1995-ல் மறுபடி ஆராய்ந்தார்கள். இப்போது கிடைத்த விடை 1053, அதோடு 10 முதல் 55 ஆண்டுகளைக் கூட்டிக்கொள்ள வேண்டும். இதென்ன விநோதமான விடை? அங்கேதான் விஷயம் இருக்கிறது.

ஆண்டுக்கு ஒரு வளையம் என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஓக் அதை ஏன் இவ்வளவு ஒழுங்காகச் செய்கிறது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. அதன் கட்டையில் நீர் ஏறும் குழாய்கள் மிகப் பெரியவை. குறுக்கே வெட்டிய முகத்தில் வெறும் கண்ணுக்கே ஊசித்துளைகளாகத் தெரியும். பெரிய குழாயில் நீர் வேகமாக ஏறும், ஆனால் ஆபத்தும் அதிகம். குளிர்காலத்தில் உள்ளே நீர் உறையும்போது அதில் கரைந்திருந்த காற்று பிரிந்து குமிழியாகிறது. நீர்த்தம்பம் அறுந்து குழாய் செத்துப்போகிறது. ஆகவே ஒவ்வொரு வசந்தத்திலும் இலை முழுதாக விரியும் முன்பே ஓக் புதிதாகக் குழாய் போட்டாக வேண்டும். போடாவிட்டால் தண்ணீர் இல்லை, மரம் இல்லை. அதனால் எவ்வளவு மோசமான ஆண்டிலும் ஒரு வரிசைத் துளைகளாவது நிச்சயம் இருக்கும். கோடையில் அதன்மேல் அடர்த்தியான நார்க்கட்டை வளரும்; மழை நன்றாகப் பெய்த ஆண்டில் அகலமாக, வறண்ட ஆண்டில் ஒடுக்கமாக. குளிர்காலமே இல்லாத நாட்டு மரங்கள் பலவற்றில் இப்படித் தெளிவாக வளையம் விழாது. தேக்கு நல்ல விதிவிலக்கு.

அகலம், ஒடுக்கம், ஒடுக்கம், அகலம் என்று போகும் இந்த வரிசை, ஒரே வட்டாரத்து ஓக் மரங்களில் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். இன்று வெட்டிய மரத்தின் உள்வளையங்கள் பழைய வீட்டு உத்தரத்தின் வெளிவளையங்களோடு பொருந்தும். அந்த உத்தரத்தின் உள்வளையங்கள் அதைவிடப் பழைய கட்டையோடு, கடைசியில் சதுப்பு நிலத்தில் புதைந்து கிடக்கும் கட்டைகள்வரை. கூரையில் ஒரு ஓட்டின்மேல் அடுத்த ஓடு ஏறி உட்காருவதைப் போல, இப்படிப் பின்னோக்கி அடுக்கிக்கொண்டே போகலாம். 1984-ல் அயர்லாந்து, ஜெர்மனி ஆய்வாளர்கள் சேர்ந்து 7,000 ஆண்டுகளுக்கும் மேல் நீளும் ஐரோப்பிய ஓக் வரிசையை வெளியிட்டார்கள். 1960களில் இப்படி ஒன்று கையில் இல்லை.

சரி, அந்த 10 முதல் 55? தச்சர்கள் வைரம் என்று சொல்லும் உட்கட்டையில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் ஏறியிருக்கும். பூச்சி சுலபத்தில் தொடாது. வெளியே உள்ள வெளிறிய பகுதியில் மாவுச்சத்து இருப்பதால் அது வண்டுக்கு விருந்து. அந்தப் பகுதி உளுத்து உதிர்ந்தால், மரத்தை வெட்டிய ஆண்டின் வளையமும் அதோடு போய்விடும். கிரீன்ஸ்டெட்டில் வைரத்தின் கடைசி வளையம்தான் கிடைத்தது. வெளிறிய பகுதியில் பொதுவாகப் பத்துக்குக் குறையாமல், 55-க்கு மிகாமல் வளையங்கள் இருக்கும் என்பது நிறைய மரங்களை எண்ணிப் பார்த்துக் கண்ட கணக்கு. ஆக, மரம் வெட்டியது 1063-க்கும் 1108-க்கும் இடையில். இந்த இடைவெளிக்குள்தான் 1066 வருகிறது, நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த ஆண்டு. கோடரி பிடித்தவர் சாக்சன் மன்னரின் குடியா, நார்மன் மன்னரின் குடியா என்பதை அந்த உளுத்துப்போன இரண்டு விரல் கட்டைதான் சொல்லியிருக்க வேண்டும்.

இங்கே கொஞ்சம் புலம்பிக்கொள்கிறேன். "பத்து வருஷம் சதுப்பு நிலத்துக் கட்டைகளில் கோடு எண்ணப்போகிறேன், பணம் கொடுங்கள்" என்று எந்த நிதிக்குழுவிடமாவது கேட்டுப் பாருங்கள். என்ன பயன் என்பார்கள். பயன் பின்னால் வரும், வேறு யாரோ கேட்கும் கேள்விக்கு. ஜப்பானில் ஹோர்யூ-ஜி கோயில் கோபுரத்தின் நடுத்தூண் 594-ல் வெட்டிய மரம் என்று தெரிந்ததும் இப்படி யாரோ பொறுமையாகக் கோடு எண்ணி வைத்திருந்ததால்தான்.

கோயில் அதன்பின் சும்மா இருக்கவில்லை. 1500 வாக்கில் பீடம் இருக்கும் பகுதியைச் செங்கல்லில் கட்டினார்கள். இருண்டு கிடந்த கூடத்துக்குக் கூரைச் சாளரங்களால் வெளிச்சம் வந்தது. அப்புறம் ஒரு மரக் கோபுரம். தொழிலாளர் சங்கம் சேர்ந்ததற்காக 1834-ல் ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்ட டால்படில் என்ற ஆங்கிலேயக் கிராமத்து விவசாயக் கூலிகளில் சிலர், மன்னிப்புப் பெற்றுத் திரும்பியதும் இந்தப் பக்கம்தான் குடியேறினார்கள். அவர்களில் ஜேம்ஸ் பிரைன் 1839-ல் திருமணம் செய்துகொண்டது இந்தக் கோயிலில். 1848-ல் பழுதுபார்த்தபோது மண்ணில் ஊன்றியிருந்த மரங்களின் அடிப்பகுதி அழுகியிருந்தது. அதை அறுத்தெறிந்து, செங்கல் மேடை கட்டி, அதன்மேல் தூக்கி நிறுத்தினார்கள். பழமைவாதிகள் முகம் சுளிப்பார்கள். அறுக்காமல் விட்டிருந்தால் 1995-ல் ஆராய எதுவும் மிஞ்சியிருக்காது என்பது என் கட்சி.

எட்மண்ட் கதையை அதற்காகத் தள்ளிவிட வேண்டாம். 1960-ல் பீடத்தின் தரைக்கடியில் தோண்டியபோது, இதற்கு முன்பு இரண்டு மரக் கட்டடங்கள் அங்கே இருந்த தடயம் கிடைத்தது. 1013-ல் உடலை வைத்த இடம் அவற்றில் ஒன்றாக இருக்கலாம். ஆனால் அங்கே மிஞ்சியவை தூண் நட்ட குழிகள்தான்; எண்ணுவதற்கு வளையம் இல்லை.