காலனியரா, குடியேற்றவாதிகளா, குடியேற்றத்தாரா?

அமெரிக்க விடுதலைப் போரைப் பற்றித் தமிழில் எழுதுவோர், பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்தவர்களைக் காலனியர், காலனி மக்கள், குடியேற்றவாதிகள், குடியேறிகள் என்று பலவாறு குறிக்கின்றனர். இவற்றுள் எந்தச் சொல்லைக் கொள்கிறோமோ அதற்கேற்ப, அம்மக்கள் ஏன் விடுதலை வேண்டினார்கள் என்பது பற்றிய நம் புரிதலும் மாறிவிடுகிறது. ஆகவே சொல்லின் வேரிலிருந்து தொடங்குவது நல்லது.

‘காலனி’ ஆங்கிலத்தின் வழியே நம்மிடம் வந்த இலத்தீன் சொல். ‘கொலெரெ’ என்னும் இலத்தீன் வினைக்கு நிலத்தை உழுதல், பேணுதல், ஓரிடத்தில் வாழ்தல் என்று பொருள். அதிலிருந்து உழவனைக் குறிக்கும் ‘கொலோனுஸ்’ பிறந்தது. அதிலிருந்து ‘கொலோனியா’ பிறந்தது. படைப்பணி முடித்த வீரர்களுக்கு நிலம் பகிர்ந்தளித்து உரோமர் அமைத்த ஊர்களுக்கு அப்பெயர் வழங்கிற்று. செருமனியின் கொலோன் நகரம் இன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. தமிழில் ‘குடி’ என்னும் சொல் இதே பாதையில் நடந்திருப்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கிறது. குடியானவன் என்றால் உழவன். குடிவாரம் என்றால் விளைச்சலில் உழுதவனுக்குரிய பங்கு. குடியேறுதல் என்றால் புதிய இடத்தில் வாழத் தொடங்குதல். அரசனுக்கு உட்பட்டு வாழ்வோரும் குடிகளே. எனவே ‘குடியேற்றம்’ என்னும் சொல் ‘காலனி’யின் மூலப்பொருளுக்கு மிக அணுக்கமானது.

‘காலனி’ என்றே எழுதினால் என்ன என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் அச்சொல் ரயில்வே காலனி போன்ற வீட்டுத் தொகுதிகளைக் குறிப்பதோடு, ஒடுக்கப்பட்ட மக்களை ஊருக்கு வெளியே ஒதுக்கிவைத்த குடியிருப்புகளையும் குறித்து, வசைச்சொல்லாகவும் ஆகிவிட்டது. அதனாலேயே அதை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். அந்த வலியைச் சுமந்த சொல்லை வரலாற்றுக் கலைச்சொல்லாகத் தொடரத் தேவையில்லை.

இனி, வட அமெரிக்காவின் 13 குடியேற்றங்களுக்கு வருவோம். அங்கு வாழ்ந்த ஐரோப்பிய வழியினருள் பெரும்பாலோர் தம்மை வென்றடக்கப்பட்ட மக்களாக எண்ணவில்லை. பிரிட்டிஷ் மன்னரின் குடிகளாகவே எண்ணினர். வர்ஜீனியாவில் 1619 முதலே தேர்ந்தெடுக்கப்பட்ட பேரவை கூடிவந்தது; தம் மீதான வரியைத் தம் பேரவையே விதிக்கவேண்டும் என்பது அவர்கள் உரிமையுணர்வின் அடித்தளமாயிற்று. 1763-இல் பிரான்சுடனான போர் முடிந்தபோது பெருங்கடனில் இருந்த லண்டன் அரசு, அந்த ஆண்டிலேயே அப்பலாச்சியன் மலைகளுக்கு மேற்கே குடியேறுவதைத் தடைசெய்தது. குடியேற வந்தவர்களுக்குக் குடியேற்றமே மறுக்கப்பட்டது. அந்நிலம் பூர்வகுடிகளுடையது என்பதையும் இங்கு மறக்கலாகாது. 1765-இல் வந்த முத்திரைத்தாள் சட்டம் செய்தித்தாள், பத்திரம், சீட்டுக்கட்டு வரை வரி விதித்தது. நாடாளுமன்றத்தில் தமக்கு ஓர் உறுப்பினர்கூட இல்லாதபோது அம்மன்றம் தம்மீது வரி விதிக்கலாகாது என்று அவர்கள் வாதிட்டார்கள். வரியின் அளவைவிட அதை விதிக்கும் உரிமை யாருடையது என்பதே அவர்களுக்குப் பெரிதாயிருந்தது. அச்சட்டம் மறு ஆண்டே நீக்கப்பட்டது. ஆயினும் குடியேற்றங்களுக்கு எல்லாப் பொருளிலும் சட்டமியற்றும் அதிகாரம் தனக்குண்டு என்று நாடாளுமன்றம் உடனே அறிவித்துக்கொண்டது.

1773 டிசம்பர் 16 அன்று தேயிலை வரியை எதிர்த்துப் போஸ்டன் துறைமுகத்தில் கடலில் கொட்டப்பட்ட 342 பெட்டித் தேயிலை, சென்னையில் கோட்டை கட்டி ஆண்ட அதே கிழக்கிந்தியக் கம்பெனியுடையது. அதற்குத் தண்டனையாக அத்துறைமுகம் மூடப்பட்டது. போஸ்டன் அமைந்திருந்த மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் தன்னாட்சி குறைக்கப்பட்டது. இதன் பிறகும் அவர்கள் உடனே விடுதலை கேட்டுவிடவில்லை. 1775 ஏப்ரலில் மாசசூசெட்ஸின் லெக்சிங்டனில் பிரிட்டிஷ் படையினருக்கும் உள்ளூர்ப் படையினருக்கும் இடையே துப்பாக்கிச் சூடு தொடங்கியபின், ஜூலையில்கூட, மன்னருக்குச் சமாதான விண்ணப்பம் அனுப்பினார்கள். மன்னர் அவர்களைக் கலகக்காரர்கள் என்று அறிவித்த பின்னரே, மன்னரின் குடிகள் என்ற உறவு அறுந்தது.

இந்த வரலாற்றைக் கண்டபின் ‘குடியேற்றவாதிகள்’ என்பது பொருந்தாது. ‘வாதி’ என்னும் ஈறு ஒரு கொள்கையை வலியுறுத்துவோரைக் குறிக்கும். குடியேற்றவாதி என்றால் பிறர் நாட்டைக் கைப்பற்றி ஆள்வதை ஆதரிப்பவர் என்றாகி, லண்டன் அரசின் பக்கம் நிற்பவரையே சுட்டிவிடும். ‘அடிமை நாட்டினர்’ என்பது அதைவிடப் பிழை. அங்கே உண்மையில் அடிமைப்படுத்தப்பட்டிருந்த ஆப்பிரிக்கர்களின் துயரை அது மறைத்துவிடும். ‘குடியேறிகள்’ ஓரளவு சரி. ஆனால் விடுதலை அறிவிக்கப்பட்ட 1776-இல் இருந்தவர்களுள் மிகப் பலர் அம்மண்ணிலேயே பிறந்தவர்கள்; எங்கிருந்தும் வந்து ஏறியவர்கள் அல்லர்.

எனவே ‘குடியேற்றத்தார்’ என்பதே என் பரிந்துரை. ஊரார், நாட்டார் என்பன போல இது அந்த இடத்துக்குரியவரைச் சுட்டுகிறது. வந்தவரும் அங்கே பிறந்தவரும் இதில் அடங்குவர். மன்னரின் பக்கம் நின்று, பின்னர் கனடாவுக்குப் பெயர்ந்தவர்களும் குடியேற்றத்தாரே என்பதால், விடுதலை கோரியவர்களை மட்டும் குறிக்க வேண்டிய இடத்தில் ‘விடுதலை கோரிய குடியேற்றத்தார்’ என்று விரித்தெழுதுவது முறை. காலத்தையும் கருதவேண்டும். 1776 செப்டம்பர் 9 அன்று, ‘ஒன்றிய குடியேற்றங்கள்’ என்று எழுதிவந்த இடத்திலெல்லாம் இனி ‘ஒன்றிய நாடுகள்’ என்று எழுதவேண்டும் எனப் பிலடெல்ஃபியாவில் கூடிய, 13 குடியேற்றங்களின் பேராளர்களைக் கொண்ட பேராயம் தீர்மானித்தது. அந்நாளுக்குப் பிந்திய நிகழ்வுகளை எழுதும்போது நாமும் அவர்களை அமெரிக்கர் என்றே குறிக்கலாம்.