மேமோகிராமில் தெரியும் வெண்மை: மார்பக அடர்த்தி சொல்வது என்ன?

மார்பக எக்ஸ்ரே படமான மேமோகிராமின் அறிக்கையில் "அடர்த்தியான மார்பகம்" என்ற குறிப்பைக் காணும் பெண்கள் பலர், அதைத் தொட்டால் உணரக்கூடிய கடினத்தன்மை என்றோ கட்டியின் தொடக்கம் என்றோ நினைத்துக் கலங்கிவிடுகிறார்கள். அது இரண்டுமே அல்ல. அடர்த்தி என்பது எக்ஸ்ரே படத்தில் மட்டுமே புலப்படும் ஒரு பண்பு. கையால் தடவியோ மார்பகத்தின் அளவைப் பார்த்தோ அதை அறிய முடியாது.

மார்பகத்தில் பால் சுரக்கும் சுரப்பிகளும் பால் நாளங்களும், அவற்றைத் தாங்கி நிற்கும் நார்த்திசுவும், இடையிடையே கொழுப்பும் உள்ளன. குறைந்த ஆற்றல் கொண்ட எக்ஸ்ரே கதிர்கள் கொழுப்பை எளிதில் ஊடுருவிவிடுவதால் அப்பகுதி படத்தில் கருமையாகத் தெரிகிறது. சுரப்பித் திசுவும் நார்த்திசுவும் கதிர்களைக் கூடுதலாக உறிஞ்சுவதால் வெண்மையாகத் தெரிகின்றன. சிக்கல் என்னவென்றால், புற்றுநோய்க் கட்டியும் ஏறக்குறைய அதே அளவுக்குக் கதிர்களை உறிஞ்சுகிறது. கொழுப்பு மிகுந்த மார்பகத்தில் தெளிவாகத் தெரியும் சிறு கட்டி, அடர்ந்த மார்பகத்தில் வெண்மைக்குள் வெண்மையாய் மறைந்துவிடுகிறது. சில புற்றுநோய்களின் அறிகுறியாக அமையும் சுண்ணாம்புப் படிவுகள் சுற்றியுள்ள திசுவைவிடப் பளிச்சென்று தெரிவதால், அவற்றை மட்டும் அடர்ந்த மார்பகத்திலும் பெரும்பாலும் கண்டுகொள்ள முடிகிறது.

மறைப்பதோடு மட்டும் விஷயம் முடிந்திருந்தால் இது வெறும் படப்பிடிப்புக் குறைபாடாகவே இருந்திருக்கும். ஆனால் 1976-இல் அமெரிக்கக் கதிரியல் மருத்துவர் ஜான் உல்ஃப், மேமோகிராமில் தெரியும் திசு அமைப்பை நான்கு வகைகளாகப் பிரித்து, வெண்மை மிகுந்த வகையினருக்குப் பின்னாளில் புற்றுநோய் வரும் வாய்ப்பும் அதிகம் என்று எழுதினார். மறைந்திருந்த கட்டிகள் பிறகு வெளிப்படுவதைத்தான் அவர் புதிய ஆபத்து என்று தவறாகக் கணக்கிட்டுவிட்டார் என்ற மறுப்பு எழுந்தது. அது நியாயமான மறுப்பும்கூட.

கனடாவின் நார்மன் பாய்ட் குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இந்த இரண்டையும் பிரித்துக் காட்டியது. படத்தில் 75 விழுக்காடு அல்லது அதற்கு மேல் வெண்மையாக உள்ள பெண்களுக்கு, 10 விழுக்காட்டுக்கும் குறைவான வெண்மை உள்ளவர்களைவிடப் புற்றுநோய் வாய்ப்பு 4.7 மடங்கு இருந்தது. பரிசோதனையில் எதுவும் இல்லை என்று சொல்லப்பட்டு, 12 மாதங்களுக்குள் நோய் வெளிப்பட்டவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அந்த வேறுபாடு 17.8 மடங்காக உயர்ந்தது. பின்னதன் பெரும்பகுதி கட்டி மறைந்திருந்ததன் விளைவு. ஆனால் மறைவு மட்டுமே காரணம் என்றால், சில ஆண்டுகளில் அக்கட்டிகள் வெளிப்பட்டதும் கூடுதல் ஆபத்தும் அடங்கியிருக்க வேண்டும். அப்படி அடங்கவில்லை, குறைந்தது எட்டு ஆண்டுகளுக்கு அது நீடித்தது.

எனினும் 4.7 மடங்கு என்ற எண்ணைத் தனியே எடுத்துச் சொல்வது வாசகரை மிரட்டுவதாகவே முடியும் என்பது என் கருத்து. அது இரு கோடிகளில் உள்ளவர்களை ஒப்பிடும் எண். மேமோகிராம் அறிக்கைகளுக்கு இன்று வழக்கில் உள்ள பை-ராட்ஸ் முறை அடர்த்தியை, குறைவிலிருந்து மிகுதி வரை, நான்கு நிலைகளாகப் பிரிக்கிறது; பரிசோதனைக்கு வரும் பெண்களில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினர் முதல் நிலையிலும், 40 விழுக்காட்டினர் இரண்டாவதிலும், 40 விழுக்காட்டினர் மூன்றாவதிலும், 10 விழுக்காட்டினர் நான்காவதிலும் அமைகிறார்கள். கடைசி இரு நிலைகளும் "அடர்த்தியானவை" எனப்படுவதால், பாதிப்பேர் அந்தப் பெயருக்குள் வந்துவிடுகிறார்கள். சராசரிப் பெண்ணோடு ஒப்பிட்டால் நான்காம் நிலையினரின் ஆபத்து ஏறத்தாழ இருமடங்கு; மூன்றாம் நிலையினருக்கு மிகச் சிறிதளவே கூடுதல்.

அடர்ந்த திசு ஏன் ஆபத்தைக் கூட்டுகிறது என்பதற்கான விளக்கம் இன்னும் முழுமையடையவில்லை. புற்றுநோய் தோன்றக்கூடிய செல்கள் அங்கே அதிகம் என்பதும், அவற்றைச் சூழ்ந்துள்ள கொலாஜன் என்ற புரதம் நிறைந்த நார்த்திசு செல் பெருக்கத்தைத் தூண்டக்கூடும் என்பதும் முன்வைக்கப்படும் காரணங்கள். அடர்த்தியில் பரம்பரையின் பங்கு பெரிது என்பதை இரட்டையர் ஆய்வுகள் காட்டியுள்ளன. வயது கூடும்போதும் மாதவிடாய் நின்ற பிறகும் அது குறைகிறது. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த ஹார்மோன் சிகிச்சை அதைக் கூட்டுகிறது, மார்பகப் புற்றுநோய்க்குத் தரப்படும் டமாக்ஸிஃபென் மருந்து குறைக்கிறது. உடல் எடை கூடினால் கொழுப்பு மிகுந்து அடர்த்தி விழுக்காடு இறங்கும். ஆனால் மாதவிடாய் நின்ற பின் உடல் பருமனே மார்பகப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டுவதால், குறைந்த அடர்த்தி என்பது பாதுகாப்புச் சான்று ஆகாது.

அடர்ந்த மார்பகத்துக்குக் கூடுதல் பரிசோதனை உதவுமா? நெதர்லாந்தில் 50 முதல் 75 வயது வரையிலான, நான்காம் நிலை அடர்த்தி கொண்ட பெண்களிடம் நடந்த சோதனையின் முடிவுகள் 2019-இல் வெளியாயின. மேமோகிராம் மட்டும் எடுத்த குழுவில், அடுத்த பரிசோதனைக்கு முன்பே வெளிப்பட்ட புற்றுநோய் ஆயிரம் பேருக்கு 5.0 என்றிருந்தது, எம்ஆர்ஐ எடுக்க அழைக்கப்பட்ட குழுவில் அது 2.5 ஆகக் குறைந்தது. அதற்கு ஈடாக, எம்ஆர்ஐ எடுத்துக்கொண்டவர்களில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 80 பேர், நோய் இல்லாமலேயே மேல்பரிசோதனைக்கு அனுப்பப்பட்டார்கள். உயிரிழப்பு குறைகிறதா என்பதை அளக்கும் வகையில் அச்சோதனை அமைக்கப்படவில்லை.

அமெரிக்காவில் 2024 செப்டம்பர் முதல், அடர்த்தி உண்டா இல்லையா என்பதை ஒவ்வொரு பெண்ணுக்கும் எழுத்துப்பூர்வமாகத் தெரிவிப்பது கட்டாயமாகியுள்ளது. ஆனால் "உண்டு" என்ற ஒற்றைச் சொல் மூன்றாம் நிலையையும் நான்காம் நிலையையும் ஒன்றாக்கிவிடுகிறது. ஆகவே அறிக்கையைக் கையில் வாங்கும் பெண் மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டியது, நான்கில் தன்னுடையது எந்த நிலை என்பதும், குடும்ப வரலாறு, வயது போன்றவற்றோடு சேர்த்துப் பார்த்தால் தன் மொத்த ஆபத்து எவ்வளவு என்பதுமே.