செர்விகல் என்றால் எந்தக் கழுத்து?

கழுத்து வலிக்கு எக்ஸ்ரே எடுத்த பெண்கள் சிலர், சேலத்தில் மகப்பேறு மருத்துவராக இருக்கும் என்னிடம் அந்த அறிக்கையோடு வருவதுண்டு. கொலுசுப் பட்டறையில் நாள் முழுவதும் குனிந்து வேலை செய்யும் ஒருவர், ‘செர்விகல் ஸ்பான்டிலோசிஸ்’ என்ற வரியில் விரலை வைத்து, “போன்ல பாத்தா கர்ப்பப்பை கேன்சர்னு வருதுங்க மேடம்” என்று அழுதார். அவருக்கு இருந்தது கழுத்தெலும்புத் தேய்மானம்.

லத்தீனில் ‘செர்விக்ஸ்’ என்றால் கழுத்து, குறிப்பாகப் பிடரி. தலையைத் தாங்கும் 7 முள்ளெலும்புகளுக்கு ‘செர்விகல்’ என்ற பெயர் அதிலிருந்தே வந்தது. பல்லின் வெளிப்பகுதியும் வேரும் சேரும் ஒடுங்கிய இடத்தையும் பல் மருத்துவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். கருப்பையோ, ஏற்காட்டுப் பேரிக்காயைக் காம்பு கீழே இருக்கும்படி பிடித்தது போன்ற வடிவம் கொண்டது. அதில் கீழே குறுகி யோனிக்குள் நீளும், ஏறத்தாழ 3 செ.மீ. பகுதியின் முழுப்பெயர் ‘செர்விக்ஸ் உடெரி’, அதாவது கருப்பையின் கழுத்து. நாம் அதைக் கருப்பை வாய் என்கிறோம். அதன் திறப்புக்கு லத்தீனிலும் வாய் என்று பொருள்படும் ‘ஆஸ்’ என்பதே பெயர்.

எனக்கு அதிகக் கவலை தருவது நேர்மாறான குழப்பம். ‘செர்விகல் ஸ்கிரீனிங்’ என்றதும், “எனக்குக் கழுத்து வலி இல்லைங்களே” என்று எஸ்டேட் வேலைக்குப் போகும் பெண்கள் விலகிவிடுகிறார்கள். மருத்துவப் பணியாளர்கள் ‘கருப்பை வாய்ப் பரிசோதனை’ என்றே சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஏனெனில் இந்தியப் பெண்களிடம் மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்து அதிகம் காணப்படும் கருப்பை வாய்ப் புற்றுநோய், பெரும்பாலும் ஹெச்.பி.வி. வைரஸ் தொற்று நீடிப்பதால் வருகிறது. தொற்று புற்றாக மாறப் பொதுவாக 10 ஆண்டுகளுக்கு மேல் ஆவதால், அதற்குள் கண்டறிந்து தடுத்துவிட முடியும்.

30 வயதைக் கடந்தவர்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இந்தப் பரிசோதனை உண்டு. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தால், மாறுதலடைந்த செல்கள் உள்ள இடம் வெளுத்துத் தெரியும். மயக்க மருந்து தேவையில்லை. வெளுத்துத் தெரிந்தாலே புற்று என்று ஆகிவிடாது. அடுத்த கட்டப் பரிசோதனை வேண்டும் என்றுதான் பொருள்.

அறிக்கையில் ‘ஸ்பைன்’ என்றோ ‘சி5, சி6’ (கழுத்து முள்ளெலும்புகளின் வரிசை எண்கள்) என்றோ இருந்தால் அது கழுத்தெலும்பு. ‘பாப் ஸ்மியர்’ (கருப்பை வாயின் செல்களை எடுத்துப் பார்க்கும் பரிசோதனை), ‘ஹெச்.பி.வி.’ என்றிருந்தால் கருப்பை வாய். கை மரத்துப்போனாலோ பலம் குறைந்தாலோ எலும்பு மருத்துவரைப் பாருங்கள். உறவுக்குப் பின் ரத்தம் பட்டாலோ, மாதவிடாய் நின்றபின் ரத்தப்போக்கு வந்தாலோ, துர்நாற்றத்துடன் வெள்ளைப்பட்டாலோ, முன்பு எடுத்த பரிசோதனை நன்றாக இருந்திருந்தாலும், முகாம் வரும்வரை காத்திராமல் உடனே மகப்பேறு மருத்துவரிடம் வந்துவிடுங்கள்.