படத்தில் அந்தப் பிள்ளையின் கையில் சாவி இல்லை

வலிப்பு வந்து தெளிந்த பிள்ளைக்கு இடையில் தனக்கு என்ன நடந்தது என்பது பெரும்பாலும் நினைவிருப்பதில்லை. கண் விழித்ததும் அம்மா அழுவதையும் சுற்றி நிற்பவர்கள் கிசுகிசுப்பதையும் மட்டுமே அது காண்கிறது. விடுபட்ட அந்த நிமிடங்களை நாம் சொல்லாவிட்டால் பிள்ளை தானே எதையாவது இட்டு நிரப்பிக்கொள்ளும். ‘கால் கை வலிப்பு’ என்பதே மருவிக் ‘காக்கா வலிப்பு’ ஆயிற்று என்பார்கள். கும்பகோணத்துப் பக்கமிருந்து வந்த ஆறு வயதுச் சிறுமிக்கு அது எப்படித் தெரியும்? நோயை வரையச் சொன்னபோது, தன் தலையைக் கொத்தும் காக்கையை வரைந்தாள்.

அவளுக்காக எட்டுப் பக்கங்களில் ஒரு படப்புத்தகத்தைக் கையாலேயே செய்தோம். மூளையில் ஓடும் மின்சாரத்தை வாய்க்கால் தண்ணீராக வரைந்தால் டெல்டாப் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடுகிறது: மதகுகள் முறைவைத்துத் திறந்தால் வயல்களுக்கு அளவாகப் பாயும், எல்லாம் ஒரேயடியாகத் திறந்துகொண்டால் சற்று நேரம் வெள்ளக்காடாகிப் பிறகு வடியும். பூதம், பேய் எதையும் நான் வரைவதில்லை. தனக்குள் ஒரு பூதம் குடியிருப்பதாகப் பிள்ளை நம்பிவிடும்.

நான்காம் பக்கத்தில் ஒரு பிள்ளை ஒருக்களித்துப் படுத்திருக்க, டீச்சர் கடிகாரத்தைப் பார்க்கிறார். சிறுமி படத்தின் கைமேல் விரல் வைத்து, “சாவியக் காணோமே?” என்றாள். உடன் வந்த அப்பாயி என்னைப் பார்த்தார். பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமாகவே அடங்கிவிடுவதால்தான் வலிப்பின்போது கையில் கொடுக்கும் இரும்புச் சாவிக்கு, அதுதான் வலிப்பை நிறுத்தியது என்ற பெயர் கிடைக்கிறது என்றும், பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் திணிக்காமல், தண்ணீர் புகட்டாமல், ஐந்து நிமிடம் தாண்டினால் 108-ஐ அழைப்பதே செய்ய வேண்டியது என்றும் இருவருக்கும் அந்தப் பக்கத்தை வைத்தே விளக்கினேன். “இத்தன நாளா சாவிதான் காப்பாத்துச்சுன்னுல்ல இருந்தேன், டாக்டரு,” என்றார் அப்பாயி.

புத்தகம் அந்தந்தப் பிள்ளையின் வலிப்பைச் சொல்ல வேண்டும். சில நொடிகள் வெறித்துப் பார்த்து மீளும் பிள்ளைக்குக் கீழே விழும் படம் பொருந்தாது. அவர்கள் பள்ளியில் ‘கவனமில்லை’ என்று திட்டு வாங்குபவர்கள்.

மருந்துப் பக்கத்தில் காலை, இரவு வேளைகளுக்குக் கட்டங்கள் உண்டு. வலிப்பு நின்றுவிட்டதென்று மருந்தைத் தாமாகவே நிறுத்தினால் அது திரும்ப வரக்கூடும் என்பதைப் பெற்றோரும் அங்கேதான் படிக்கிறார்கள்.

மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் பிள்ளைகளை ஆற்றிலிருந்து பிரிக்க முடியாது. வலிப்பு கட்டுக்குள் வரும்வரை ஆற்றில் இறங்கக் கூடாது என்று மட்டும் எழுதினால் அது தண்டனையாகிவிடும். ஆகவே கடைசிப் பக்கத்தில் ஆற்றுப் படித்துறையின் மேல்படியில் அமர்ந்திருக்கும் பிள்ளையையும் அருகே அப்பாவையும் வரைந்து, வண்ணம் தீட்டாமல் கொடுத்தோம். அடுத்த முறை வந்தபோது அப்பாவின் கையில் ஒரு சொம்பு முளைத்திருந்தது, மஞ்சள் தீட்டியிருந்தாள். பித்தளையாம்.