லாரிக்கும் டிரெய்லருக்கும் நடுவே தொங்கும் இரண்டு ஹோஸ்கள்

“நிக்கும்போது காத்து கேஜ் அசையவே இல்லண்ணே. பிரேக்கை மிதிச்சா மட்டும் உஸ்ஸுன்னு சத்தம் வருது, முள்ளும் இறங்குது.” இப்படிச் சொல்லிக்கொண்டு ஓர் ஓட்டுநர் பட்டறைக்கு வந்தால், நான் நேரே கேபினுக்குப் பின்னால் போய்ப் பார்ப்பேன். லாரியிலிருந்து டிரெய்லர் பிரேக்குக்குக் காற்று கொண்டுபோகும் இரண்டு ஹோஸ்களும் அங்கேதான் தொங்கும். அன்று சிவப்பு ஹோஸ் புத்தம் புதிதாக மின்னியது. பக்கத்தில் இருந்த மஞ்சள் சுருள் ஹோஸ், கீழே இருக்கும் நடைத் தகட்டில் உரசி உரசி ஒரு பக்கம் தேய்ந்து வெடித்திருந்தது. சிவப்பு போனபோது அதை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

இது எல்லோரும் செய்கிற தப்புதான். சிவப்பு ஹோஸில் எப்போதும் காற்று நிறைந்திருக்கும். ஏறக்குறைய 8 பார் அழுத்தம். அது அறுந்தால் டிரெய்லர் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும், வண்டி நகராது. உடனே பட்டறைக்கு ஆள் வந்துவிடும். மஞ்சள் ஹோஸில் (வட அமெரிக்காவில் இது நீலம்) பிரேக்கை மிதிக்கும்போது மட்டும்தான் காற்று ஓடும். அது கிழிந்திருந்தால் மிதிக்கும் வரை யாருக்கும் தெரியாது. தெரிகிற நேரம், பெரும்பாலும் பிரேக் அவசரமாகத் தேவைப்படுகிற நேரம். ஒன்று தேய்ந்து போயிருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றச் சொல்வேன். ஒரே வெயிலில், ஒரே உரசலில் வயதானவை அவை.

ஹோஸ் வாங்கும்போது எல்லோரும் எத்தனை பார் தாங்கும் என்று கேட்கிறார்கள். அழுத்தத்தால் வெடித்த ஹோஸை நான் பார்த்தது குறைவு. உரசியோ, இழுபட்டோ, மடங்கியோ போனவைதான் அதிகம். ஆகவே முதலில் கேட்க வேண்டியது நீளம். அதைக் கடையில் நின்று முடிவு செய்ய முடியாது. டிரெய்லரை மாட்டி, சமதரையில் இடது பக்கம் முடிந்த மட்டும் ஒடித்து, ஹோஸ் நுனிகள் மாட்டும் இரண்டு கப்ளிங்குகளுக்கும் (இணைப்புகளுக்கும்) இடையே அளக்க வேண்டும். பிறகு வலது பக்கம். டிரெய்லரில் கப்ளிங் நடுவில் இல்லாவிட்டால் இரண்டு அளவும் வேறு வேறாக வரும். பெரிய அளவிலும் ஹோஸ் விறைக்கக் கூடாது. வண்டி நேராக நிற்கும்போது தகட்டைத் தொடவும் கூடாது. டிரெய்லரின் முன்பக்கத்தைத் தாங்கிப் பிடிக்கும் தட்டான ஃபிஃப்த் வீல் நகரும் வகையாக இருந்து அதைப் பின்னால் தள்ளியிருந்தால் இடைவெளி கூடிவிடும், மறுபடி அளக்க வேண்டும்.

அடுத்தது பொருள். நைலான் சுருள் எடை குறைவு, தானாகச் சுருங்கும். ஆனால் குளிரில் விறைக்கும், ஒருமுறை மடிந்த இடம் அப்படியே பலவீனமாக நிற்கும். வருடம் ஆக ஆக ஸ்பிரிங் தளர்ந்து தொய்யும். பாலியூரிதேன் இன்னும் இளக்கமானது. சைலன்சர் சூட்டுக்குப் பக்கத்தில் மட்டும் போகக் கூடாது. நேரான ரப்பர் ஹோஸ் கனம்தான், தாங்கிப் பிடிக்க ஸ்பிரிங் தொங்கல் ஒன்று வேண்டும். இருந்தாலும் தினமும் டிரெய்லர் மாற்றி இழுக்கிற வண்டிக்கு நான் ரப்பரைத்தான் சொல்வேன். சுருள் பார்க்க அழகு, ஒப்புக்கொள்கிறேன்.

ஹோஸ் மேலே அச்சடித்திருப்பதையும் படியுங்கள். சுருளுக்கு ஐஎஸ்ஓ 7375, ரப்பருக்கு எஸ்ஏஇ ஜே1402 போன்ற தர எண்கள் பிரேக் ஹோஸ்களுக்கானவை. கம்ப்ரசரில் டயருக்குக் காற்றடிக்கும் ஹோஸை வெட்டி, கிளாம்ப் போட்டு மாட்டிக்கொண்டு வருபவர்களை இன்றும் பார்க்கிறேன். நுனியில் ஹோஸ் மடங்காமல் காக்கும் ஸ்பிரிங் உறை இருக்கிறதா என்றும் பாருங்கள். கப்ளிங்கை ஒட்டித்தான் பல ஹோஸ்கள் விரிசல் விடும்.

நிறத்தை அலட்சியம் செய்யாதீர்கள். சில கப்ளிங்குகள் மாற்றி மாட்டினாலும் பொருந்திவிடும். அப்போது டிரெய்லரின் காற்று டேங்குக்குக் காற்றே போகாது. காற்று இல்லாதபோது ஸ்பிரிங் விசையால் தானாகப் பிடிக்கும் ஸ்பிரிங் பிரேக் டிரெய்லரில் இருந்தால் வண்டி நகராது. அது இல்லாத பழைய டிரெய்லராக இருந்தால் வண்டி கிளம்பிவிடும், டிரெய்லரில் பிரேக் இல்லாமல்.

அந்த ஓட்டுநர் கையோடு ஒரு புது மஞ்சள் சுருளும் வாங்கி வந்திருந்தார், பழையதைவிட நீளமாக. “நீளமா இருந்தா நல்லதுதானே அண்ணே?” என்று கேட்டார். வண்டியை இரண்டு பக்கமும் ஒடித்து அளந்து காட்டினேன். அதைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, அளவான ஒரு ஜோடியோடு வந்தார்.