மாடிப்படியில் கிடக்கும் ஆட்டுக்கல்லை யார் தூக்குவது?

தோட்டத்தை விட்டு, மலேசியாவில் ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் டவுனுக்குக் குடிவந்த நம் ஆட்களிடம் ஒரு பழக்கம் மட்டும் போகவில்லை. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், வாசலுக்கு வெளியே உள்ள இடமும் நம் இடம்தான். சைக்கிள், ஆட்டுக்கல், கோழிக்கூண்டு எல்லாம் அங்கேதான் கிடக்கும். நான்கு மாடி ஃபிளாட்டுக்கு வந்ததும் அதே சாமான்கள் மாடிப்படி ஏறிவிட்டன. அப்புறம் ஆள் வேலை தேடி ஜொகூர் பாருவுக்கோ சிங்கப்பூருக்கோ போய்விடுவார், சாமான் இங்கேயே நிற்கும்.

"எடுத்துப் போடுங்களேன் அண்ணே" என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் நிர்வாகக் குழுவிடம் சொல்கிறார்கள். "நாங்க தொட்டா கேஸ் போட்டுடுவாங்க" என்று குழு பயப்படுகிறது. இரண்டு பக்கமும் பாதிதான் சரி. சாமான் கிடப்பது பொது இடத்திலா, வீட்டுக்குள்ளா, கார் நிறுத்தும் இடத்திலா என்று முதலில் பாருங்கள். எந்தச் சட்டம், யாருக்கு அதிகாரம் என்பதெல்லாம் அதை வைத்துத்தான்.

மாடிப்படி, படிக்கட்டுத் திருப்பம், நடைபாதை எல்லாம் பொது இடம். 2013 ஆம் ஆண்டின் ஸ்ட்ராடா (அடுக்குமாடி) நிர்வாகச் சட்டம், அதாவது சட்டம் 757, அதன் கீழ் 2015-இல் வந்த விதிமுறைகள், இரண்டும் இதில் தெளிவாக இருக்கின்றன. தீ பிடித்தால் ஆள் தப்பிக்கும் வழியை எந்த நேரத்திலும் அடைத்து வைக்கக் கூடாது. சைக்கிள், பூந்தொட்டி, நாற்காலி, பெட்டி என்று எது அங்கே கிடந்தாலும் ஜேஎம்பியோ (கூட்டு நிர்வாக அமைப்பு) எம்சியோ (நிர்வாகக் கழகம்), அதாவது உங்கள் கட்டடத்தின் நிர்வாகக் குழு, முன்னறிவிப்பு இல்லாமலேயே அகற்றலாம். ஆமாம், முன்னறிவிப்பு தேவையில்லை. இதைக் கேட்டதும் பல குழுக்காரர்கள் முகம் மலர்ந்துவிடும். ஆனால் அகற்றுவது வேறு, தூக்கி எறிவது வேறு. அகற்றியதை ஓரிடத்தில் வைத்து, இன்னின்ன சாமான்களை எடுத்திருக்கிறோம் என்று நோட்டீஸ் ஒட்ட வேண்டும். நோட்டீஸ் தேதியிலிருந்து 14 நாள் காத்திருக்க வேண்டும். அதற்குள் உரிமையாளர் வந்தால் 200 ரிங்கிட்டுக்கு மேற்படாத கட்டணம் வாங்கிக்கொண்டு கொடுத்துவிட வேண்டும். யாரும் வராவிட்டால் குழு தன் விருப்பப்படி அப்புறப்படுத்தலாம், அதற்குப் பிறகு பொறுப்பு கிடையாது.

சண்டை கிளம்புவது இந்த நோட்டீஸில்தான். எங்கள் பிளாக்கில் ஒருமுறை நோட்டீஸ் ஒட்டாமலேயே பழைய இரும்பு லோரியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் ஏற்றிவிட்டார்கள். மூன்றாம் நாள் ஒரு அம்மா வந்து தன் பித்தளைக் குத்துவிளக்கைக் கேட்டார். யாரிடமும் பதில் இல்லை. அதனால் எடுக்கும் முன் ஒவ்வொரு சாமானையும் படம் பிடியுங்கள். எந்த மாடி, எந்தத் தேதி என்று எழுதி, நோட்டீஸையும் ஒட்டிய இடத்திலேயே படம் பிடித்து வையுங்கள். சட்டம் இவ்வளவு கேட்கவில்லை, ஆனால் பின்னால் பேச்சு வந்தால் உங்களைக் காப்பாற்றுவது இந்தப் படங்கள்தான்.

பழைய டயர், தண்ணீர் தேங்கிய வாளி இரண்டையும் அந்த 14 நாள் வெட்டவெளியில் போட்டு வைக்காதீர்கள். ஏடிஸ் கொசு முட்டையிட்டால் சுகாதார அதிகாரிகள் 500 ரிங்கிட் வரை அபராதம் போடலாம். பொது இடமென்றால் அது நிர்வாகத்தின் தலையில்தான் விடியும்.

இனி வீட்டுக்குள். பூட்டிய வீட்டுக்குள் கிடக்கும் சாமானை நிர்வாகம் தானாகத் தொட முடியாது. பராமரிப்புக் கட்டணம் பல மாதம் பாக்கி இருந்தாலும், உள்ளூர் மன்றத்தின் கட்டட ஆணையர் கொடுக்கும் ஜப்தி ஆணை இல்லாமல் முடியாது. வாடகைக்கு விட்ட சொந்தக்காரருக்கும் கொஞ்சம் பொறுமை வேண்டும். வாடகை வரவில்லையே என்று பூட்டை உடைத்துச் சாமானை வெளியே வீசுவது நம் ஊரில் சாதாரணமாக நடக்கிறது. ஆனால் 1950 ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டம், பிரிவு 7(2), ஒப்பந்தம் முடிந்த பிறகும் வாடகைக்காரர் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால் நீதிமன்றம் வழியாகத்தான் வீட்டை மீட்க வேண்டும் என்கிறது. அவர் சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தால் நிலைமை வேறு. விட்டுப்போன சாமானை என்ன செய்வது என்று வாடகை ஒப்பந்தத்திலேயே ஒரு வரி இருந்தால் வேலை சுலபம். இல்லாவிட்டால் பட்டியல் எழுதி, இத்தனை நாளுக்குள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கடிதமும் வாட்ஸ்அப்பும் அனுப்பிவிட்டுக் காத்திருங்கள். வாடகைப் பாக்கிக்குப் பதிலாக அவர் டிவியை நீங்களே வைத்துக்கொள்வது கூடாது. அதற்கும் நீதிமன்றம்தான் போக வேண்டும்.

கார், மோட்டார் விஷயம் சுருக்கமானது. தவறான இடத்தில் நிறுத்தியதை நிர்வாகம் பூட்டுப் போடலாம், இழுத்தும் போகலாம். பூட்டை எடுக்க அதிகபட்சம் 200 ரிங்கிட் வாங்கலாம், இழுத்துப் போனால் அதற்கான செலவைக் கேட்கலாம். தனக்கு உரிய பார்க்கிங் கட்டத்துக்குள்ளேயே துருப்பிடித்து நிற்கும் காரை மட்டும் குழு தானாக விற்றுவிடக் கூடாது. கிரான், அதாவது வாகனப் பதிவுப் பத்திரம், யார் பேரில் இருக்கிறதோ அவருடைய சொத்து அது. வேலிக்கு வெளியே பொதுச் சாலையில் நின்றால் நகராண்மைக் கழகத்தில் புகார் கொடுங்கள்.

குழு அசையவே இல்லையென்றால், அல்லது அளவுக்கு மீறி அசைந்தால், கட்டட ஆணையரிடம் எழுதலாம். அவருடைய அலுவலகம் உள்ளூர் மன்றத்தில்தான் இருக்கிறது. அடுத்த படி ஸ்ட்ராடா நிர்வாகத் தீர்ப்பாயம், 250,000 ரிங்கிட் வரையிலான வழக்கை எடுக்கும், பொதுவாக வக்கீல் தேவையில்லை. அரசாங்க வாடகை ஃபிளாட்டில் இருப்பவர்கள் வீடு கொடுத்த அலுவலகத்திடம் போக வேண்டும். லயத்து வீட்டில் இன்னும் இருப்பவர்கள் தோட்ட நிர்வாகத்திடம்.

ஒன்று பாக்கி: சாமி படங்கள். வீடு மாறும்போது உடைந்த கண்ணாடியோடு முருகனையும் லட்சுமியையும் படிக்கட்டில் சாய்த்துவிட்டுப் போகிறார்கள். அவர்களும் குப்பையில் போடப் பயந்துதான் அங்கே வைத்தார்கள், குழுவும் அதே பயத்தில் தொடுவதில்லை. சட்டத்துக்கு அதுவும் ஒரு சாமான், அதே 14 நாள்தான். முடிந்ததும் பக்கத்துக் கோயிலில் கேளுங்கள். கோயில்காரர்கள் ஒத்துக்கொண்ட பிறகு கொண்டு போங்கள். கேட்காமல் அரசமரத்தடியில் வைத்துவிட்டு வந்தால், படிக்கட்டில் இருந்தது மரத்தடிக்குப் போனது, அவ்வளவுதான்.