யுராசிலைப் பிடுங்கும் நொதி: பி.சி.ஆர். மேசையிலும் பயாப்ஸி பிளாக்கிலும்

நம் உடலில் ஒவ்வொரு செல்லிலும் ஒரு நாளைக்கு நூற்றிலிருந்து இருநூறு சைட்டோசின்கள் வரை (டி.என்.ஏ.வின் ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்துகளில் சி) தாமாகவே யுராசிலாக மாறிவிடுகின்றன. இதற்குப் புகையும் வேண்டாம், கதிர்வீச்சும் வேண்டாம். செல்லுக்குள் இருக்கும் தண்ணீரே போதும். சைட்டோசினின் அமீன் தொகுதி கழன்றால் மிஞ்சுவது யுராசில். ஜி-க்கு ஜோடியாக இருந்த சி இப்போது யு ஆகி, அடுத்த பிரதியெடுப்பில் ஏ-யோடு சேர்ந்துகொள்ளும். கண்டுகொள்ளாமல் விட்டால் சி-ஜி இருந்த இடத்தில் டி-ஏ நிலைத்துவிடும்.

இந்த யுராசிலைத் தேடிப் பிடுங்கும் நொதியை ஈ. கோலை பாக்டீரியாவில் 1974-ல் கண்டறிந்தவர் டோமஸ் லிண்டால். 2015-ன் வேதியியல் நோபலை பால் மாட்ரிச், அஸிஸ் சன்ஜார் ஆகியோருடன் பகிர்ந்துகொண்டவர். நொதியின் பெயர் யுராசில் டி.என்.ஏ. கிளைக்கோசிலேஸ். ஆய்வுக் கட்டுரைகளில் யு.டி.ஜி. என்றும் கிட் பெட்டிகளில் யு.என்.ஜி. என்றும் இருக்கும், இரண்டும் ஒன்றுதான். டி.என்.ஏ. துண்டைப் பல மடங்கு பிரதியெடுக்கும் பி.சி.ஆர். ஆய்வகத்தில் பலருக்கு இது 'பி.சி.ஆர். தொடங்குமுன் வரும் அந்த 2 நிமிட ஸ்டெப்' என்ற அளவில்தான் அறிமுகம். அதன் வடிவம் தெரியாததால் நடக்கும் தவறுகள் சில உண்டு. முதலில் வடிவத்தைப் பார்த்துவிடுவோம்.

டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளில் பேஸ்கள் எனப்படும் இந்த எழுத்துகள் உள்பக்கம் திரும்பி அடுக்கியிருக்கின்றன. யுராசிலின் அடையாளமும் உள்ளேதான் ஒளிந்திருக்கிறது. வெளியிலிருந்து நொதி அதை எப்படிப் படிக்கிறது? மனித யு.டி.ஜி.யின் முப்பரிமாண அமைப்பு 1995-லும், டி.என்.ஏ.வைப் பிடித்திருக்கும் நிலையில் 1996-லும் எக்ஸ்-கதிர்ப் படிகவியல் வழியாகத் தெரியவந்தது. நொதியின் செரின் வளையங்கள் இழையின் பாஸ்பேட்டுகளை இரு பக்கமும் நெருக்குகின்றன. பக்கத்துப் பாஸ்பேட்டுகளுக்கு இடையிலான தூரம் சுமார் 4 ஆங்ஸ்ட்ராம் குறைந்து முதுகெலும்பு வளைகிறது. புளியங்கொட்டையைப் பிதுக்குவதுபோல யுராசில் சுருளைவிட்டு வெளியே திரும்பி நொதியின் குழிக்குள் விழுகிறது. அது விட்டுப்போன காலி இடத்தில் லூசின் 272 என்ற அமினோ அமிலம் நுழைந்துகொள்வதால் பேஸ் உடனே திரும்பிவர முடியாது.

அந்தக் குழிதான் விஷயமே. ஆஸ்பராஜின் 204 யுராசிலின் ஓரத்தோடு ஹைட்ரஜன் பிணைப்பு போட்டுச் சரிபார்க்கிறது. சைட்டோசின் வந்தால் அந்த இடத்தில் அமீன் இருப்பதால் பிணைப்பு பொருந்தாது. யுராசிலின் 5-ஆவது கார்பனை ஒட்டி நிற்பது டைரோசின் 147. தைமின் என்பது அந்தக் கார்பனில் ஒரு மெத்தில் தொகுதி கூடுதலாக உள்ள யுராசில். வேறு வித்தியாசம் கிடையாது. அந்த மெத்தில் டைரோசினில் முட்டுவதால் தைமின் உள்ளே போக முடியாது. இது வெறும் படம் பார்த்துச் சொன்ன ஊகம் இல்லை. டைரோசின் 147-ஐ எடுத்துவிட்டுச் சிறிய அலனினை வைத்தபோது நொதி தைமினையும் வெட்டத் தொடங்கியது. ஆஸ்பராஜின் 204-ஐ ஆஸ்பார்டிக் அமிலமாக மாற்றியபோது சைட்டோசினையும் வெட்டியது. ஓர் அமினோ அமிலம் பிசகினால், நொதி தான் காக்கவேண்டிய எழுத்துகளையே அழிக்கும்.

நொதி வேலை செய்யும்போதே படம் பிடிப்பது லேசில்லை. படிகம் வளர நாள்கணக்கில் ஆகும், யு.டி.ஜி.யோ கண்ணிமைக்கும் நேரத்தில் வெட்டி முடித்துவிடும். அதனால் யுராசில் சர்க்கரையோடு கார்பன்-கார்பன் பிணைப்பால் ஒட்டிய சூடோயுரிடினை டி.என்.ஏ.வில் பொதிந்தார்கள். நொதி பிடிக்கும், வளைக்கும், ஆனால் வெட்ட முடியாது. இப்படி 2000-ல் கிடைத்த அமைப்பில், வெட்டுமுன் அந்த பேஸ் எவ்வளவு முறுக்கப்படுகிறது என்று தெரிந்தது. 2007-ல் ஜேம்ஸ் ஸ்டைவர்ஸ் குழு காட்டியது இன்னும் சுவாரஸ்யம்: பாதி வெளியே வந்த தைமின், குழிக்கு வெளியே வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது. நொதி தைமினையும் எட்டிப் பார்க்கிறது, உள்ளே விடுவதில்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் எம். விஜயன், உமேஷ் வர்ஷ்னி குழுவினர் காசநோய்க் கிருமியின் யு.டி.ஜி. அமைப்பைத் தீர்த்திருக்கிறார்கள். அந்தக் கிருமியின் மரபணுத் தொகுதியில் ஜி-யும் சி-யும் சுமார் 65 சதவீதம். சி அதிகம் உள்ள இடத்தில் இந்த நொதிக்கு வேலையும் அதிகம்தானே.

ஒன்றைக் கவனிக்கவேண்டும். யு.டி.ஜி. இழையை வெட்டுவதில்லை, பேஸை மட்டும் சர்க்கரையிலிருந்து கழற்றுகிறது. செல்லுக்குள் அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்தில் இழையை வெட்டுவது ஏ.பி.இ.1 என்ற நொதி, சரியான எழுத்தை வைப்பது பாலிமரேஸ் பீட்டா, ஒட்டுவது லைகேஸ். இந்த ஏற்பாடும் சில நேரம் கெடுதலில் முடியும். ஃபோலேட் குறைந்தால் தைமின் செய்யும் வழி தடைபட்டு, டி இருக்கவேண்டிய இடங்களிலெல்லாம் யு புகுந்துவிடும். எதிரெதிர் இழைகளில் அருகருகே இரண்டு யுராசிலை எடுக்கப்போனால் இரட்டை இழையே முறிய வாய்ப்புண்டு. பி12 குறைந்தாலும் ஃபோலேட் சுழற்சி சிக்கிக்கொள்ளும். காரணம் எது என்று பார்க்காமல் ஃபோலிக் அமில மாத்திரை மட்டும் விழுங்குவது ஆபத்து: ரத்தச்சோகை சரியானதுபோல் தெரியும், பி12 குறைவால் வரும் நரம்புச் சேதம் உள்ளே தொடரும்.

இனி பி.சி.ஆர். மேசைக்கு வருவோம். ஒரு வினை முடிந்த குழாயில் லட்சம் கோடி பிரதிகள் வரை இருக்கலாம். மூடியைத் திறக்கும்போது தெறிக்கும் நுண்துளி ஒன்று போதும், நாளைக்கு வரும் நெகட்டிவ் மாதிரியும் பாசிட்டிவ் ஆகிவிடும். தற்காப்பு எளிது. எல்லா வினைகளிலும் தைமினைத் தரும் டி.டி.டி.பி.க்குப் பதில் யுராசிலைத் தரும் டி.யு.டி.பி. சேர்த்தால் பிரதிகளெல்லாம் யுராசிலோடு உருவாகும். அடுத்த வினையின் தொடக்கத்தில் யு.என்.ஜி.யை 50 டிகிரியில் 2 நிமிடம் விட்டால், பழைய பிரதிகளில் உள்ள யுராசில்கள் கழன்றுவிடும். பிறகு வரும் 95 டிகிரி சூட்டில் அந்தப் பள்ளங்களில் இழை உடையும். நோயாளியின் டி.என்.ஏ.வில் இருப்பது தைமின், அது தப்பிக்கும். ஆர்.என்.ஏ.வில் யுராசில் நிறைய உண்டு, ஆனால் சர்க்கரை வேறு, யு.டி.ஜி. அதைத் தொடாது.

கோளாறு எங்கே வருகிறது? நேற்றுவரை டி.டி.டி.பி.யில் ஓட்டிவிட்டு இன்று கிட் மாற்றினால், ஏற்கனவே அறையில் பரவிய பழைய பிரதிகளை யு.என்.ஜி. ஒன்றும் செய்யாது. பிரதி மிகச் சிறியதாக, டி குறைவாக இருந்தாலும் சில தப்பிவிடும். ஈ. கோலை யு.என்.ஜி. 95 டிகிரியிலும் முழுதாகச் சாவதில்லை. 55 டிகிரிக்குக் கீழே இறங்கினால் மிச்சமுள்ளது விழித்துக்கொண்டு உங்கள் புதிய பிரதிகளையே அரிக்கும். ஆகவே அனீலிங்கை, அதாவது பிரைமர் என்ற சிறு தொடக்கத் துண்டு இழையில் ஒட்டும் படியை, 55-க்கு மேல் வையுங்கள். ஜெல்லுக்கோ சீக்வென்சிங்குக்கோ போகவேண்டிய குழாயை இரவு முழுக்க 4 டிகிரியில் மெஷினிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். 72 டிகிரியில் நிறுத்துங்கள், எடுத்ததும் மைனஸ் 20-ல் வையுங்கள். ஒரே குழாயில், ஆர்.என்.ஏ.விலிருந்து டி.என்.ஏ. (சி.டி.என்.ஏ.) எடுக்கும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்ஷனும் பி.சி.ஆரும் செய்யும்போது சிக்கல் இன்னும் பெரிது: 50 டிகிரியில் சி.டி.என்.ஏ. உருவாக உருவாகவே ஈ. கோலை நொதி அதைத் தின்னும். அதற்குத்தான் அட்லாண்டிக் காட் மீனின் யு.என்.ஜி. குளிர்க்கடல் மீனின் நொதி என்பதால் 55 டிகிரியில் திரும்ப எழாதபடி செத்துவிடும். கிட் வாங்கும்போது எந்த யு.என்.ஜி. என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை.

இன்னும் இரண்டு. மூளைக்கட்டி நோயாளிகளுக்கு எம்.ஜி.எம்.டி. மரபணுவில் மெத்தில் ஒட்டியிருக்கிறதா (மெத்திலேஷன்) என்று பார்க்க டி.என்.ஏ.வை பைசல்ஃபைட் என்ற வேதிப்பொருளில் போடுகிறோம். அது மெத்தில் இல்லாத சைட்டோசின்களை யுராசிலாக்குகிறது. அந்த டி.என்.ஏ.வை யு.என்.ஜி. உள்ள மாஸ்டர் மிக்ஸில் (பி.சி.ஆர். கலவையில்) சேர்த்தால் டெம்ப்ளேட்டே, அதாவது பிரதியெடுக்கவேண்டிய மூல இழையே, சிதைந்துவிடும். பிறகு பிரைமரைக் குறை சொல்லிப் பயனில்லை. அதேபோல யுராசில் உள்ள டெம்ப்ளேட்டில் பிஃப்யு என்ற பிரதியெடுக்கும் பாலிமரேஸ் நின்றுபோகும். வரும் இழையை முன்கூட்டியே தடவிப் பார்த்து யுராசிலைப் பிடித்துவைக்கும் குழி ஒன்று அதற்கும் உண்டு. யுராசிலைத் தாண்டும் வகையில் மாற்றியமைத்த பாலிமரேஸ்கள் கடையில் கிடைக்கின்றன.

திரும்ப டைரோசின் 147-க்கு வருவோம். சி-க்கு அடுத்து ஜி வரும் இடங்களில் நம் செல்கள் பெரும்பாலும் சைட்டோசினில் மெத்தில் ஒட்டிவைத்திருக்கின்றன. அந்த மெத்தில் சைட்டோசின் அமீனை இழந்தால் கிடைப்பது யுராசில் இல்லை, தைமின். வாசலில் டைரோசின் அதைத் திருப்பி அனுப்பிவிடும். டி.டி.ஜி., எம்.பி.டி.4 என்ற வேறு நொதிகள் அங்கே வேலை செய்கின்றன, யு.டி.ஜி.யின் வேகத்தில் இல்லை. புற்றுநோயில் டி.பி.53 மரபணுவின் 175, 248, 273 கோடான்கள் (மூவெழுத்துத் தொகுதிகள்) அடிக்கடி அடிபடுவதற்கு இதுவும் ஒரு காரணம். மூன்றுமே இப்படிப்பட்ட சி-ஜி இடங்கள்.

இதே ஓட்டைதான் பயாப்ஸி பிளாக்கிலும் எட்டிப் பார்க்கிறது. ஃபார்மலினில் ஊறி மெழுகில் புதைந்த திசுவில் சைட்டோசின்கள் யுராசிலாவது வேகமாக நடக்கும், அங்கே சரிசெய்ய உயிருள்ள செல்லும் இல்லை. மரபணுப் பரிசோதனையில் அது சி இடத்தில் டி என்று தெரியும். நுரையீரல் புற்றுநோயில் ஈ.ஜி.எஃப்.ஆர். மரபணுவின் டி790எம் என்ற மாற்றமும் சி இடத்தில் டி வருவதுதான். மாத்திரையையே தீர்மானிக்கும் முடிவு இது. பிளாக் பழையதாக, எடுத்த டி.என்.ஏ. மிகக் குறைவாக, மாற்றம் 5 சதவீதத்துக்குக் கீழே என்று மூன்றும் சேர்ந்து வந்தால் போலியாக இருக்குமோ என்று சந்தேகப்படுவதே முறை. பத்துப் பதினைந்து டெம்ப்ளேட்டுகளில் ஒன்றில் யுராசில் இருந்தால்கூட அது உண்மையான மாற்றம்போலத் தோன்றும்.

செய்யவேண்டியது திசு எடுக்கும் அறையிலேயே தொடங்குகிறது. 10 சதவீத நடுநிலை பஃபர் ஃபார்மலின், திசுவைப்போல் பத்து மடங்கு அளவு, 6 மணி நேரத்துக்குக் குறையாமல், 72 மணி நேரத்தைத் தாண்டாமல். வெள்ளிக்கிழமை மாலை எடுத்த துண்டு நீண்ட விடுமுறை முடியும்வரை ஃபார்மலினில் கிடப்பதுதான் பல இடங்களில் நடக்கிறது. சீக்வென்சிங்குக்கு முன் டி.என்.ஏ.வை யு.டி.ஜி.யில் வைத்தால் போலி மாற்றங்கள் பெருமளவு மறையும். அதன் பின் மறைந்த மாற்றம் போலி என்பதற்கு அது வலுவான அடையாளம். மறையாதது உண்மை என்று உடனே எழுதிவிடாதீர்கள். அது மெத்தில் உள்ள சி-ஜி இடமாக இருந்தால், தைமினாகிப்போன அந்த எழுத்தை யு.டி.ஜி. தொட்டே இருக்காது. அப்படிப்பட்ட இடங்களில் அதே பிளாக்கிலிருந்து தனியாக இன்னொரு முறை டி.என்.ஏ. எடுத்து ஓட்டிப் பாருங்கள். முடிந்தால் இரண்டு இழைகளையும் தனித்தனியே குறியிட்டுப் படிக்கும் முறையில் பாருங்கள். சேதம் ஒரு இழையில் மட்டும் இருக்கும், உண்மையான மாற்றம் இரண்டிலும் இருக்கும்.